போர்க்காலத்து மலையகப் பாடசாலைகளில் மாணவர் மன்றங்கள்

இலங்கைப் போர் என்றதும் வடக்கும் கிழக்கும்தான் நம் நினைவுக்கு வரும். ஹட்டனிலோ பூண்டுலோயாவிலோ பண்டாரவளையிலோ செல் விழவில்லை, பங்கருக்குள் ஓடி ஒளிய வேண்டியிருக்கவில்லை. அதனால் 1983 முதல் 2009 வரை, மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தில் பாடசாலை போன தமிழ்ப் பிள்ளைகளைப் போர்க்கால மாணவர்கள் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்கத்தான் வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குப் போர் ஊரடங்காக வந்தது, அடையாள அட்டையாக வந்தது, பாதி ஆண்டில் ஊர் திரும்பிவிட்ட கணித ஆசிரியராக வந்தது, கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போன அண்ணன் சந்தேகத்தில் பிடிபட்ட செய்தியாக வந்தது.

இன்னொன்றும் அதே கால்நூற்றாண்டில் நடந்தது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து பிள்ளைகள் முதன்முதலாகப் பெருந்தொகையாகச் சாதாரண தரம், உயர்தரம் என்ற பொதுப் பரீட்சைகளுக்கு ஏறினார்கள். ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் ஏற்றம். இந்த இரண்டும் உரசிய இடம் ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் மாணவர் மன்றத்தைக் காட்டுவேன். தமிழ் மன்றம், இந்து மன்றம், விவாத அணி, நாடகக் குழு, கையெழுத்துச் சஞ்சிகை என்று பாடப்புத்தகத்துக்கு வெளியே நடந்தவை செய்த வேலை, பரீட்சைப் பெறுபேறுகளில் தெரிவதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன்.

முதலில் யார் இந்த மாணவர்கள் என்று பார்த்துவிடலாம். தோட்டப் பாடசாலை என்றால் நீண்ட காலம் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை பாடம், அவ்வளவுதான். தோட்ட நிர்வாகமே அதை நடத்தியது. அதற்கு மேல் படிக்க நினைத்தவர்கள் மிஷன் பாடசாலைகளுக்கோ நகரத்துக்கோ போக வேண்டும். போக முடிந்தவர்கள் கங்காணி, கணக்கப்பிள்ளை, கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தபின் பாடசாலைகளையும் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980களின் நடுவிலிருந்து சுவீடனின் சீடா நிறுவனம் கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் உதவியது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது. கொழுந்து பறிப்பவர்களின் பிள்ளைகள் ஹட்டன் ஹைலண்ட்ஸ், பதுளை சரஸ்வதி, பண்டாரவளை தமிழ் மத்திய கல்லூரி, மாத்தளை பாக்கியம் போன்ற இடங்களுக்கும், கோட்டத்துக்கு ஒன்று என்று வளர்ந்துவந்த மகா வித்தியாலயங்களுக்கும் வந்து சேர்ந்தது இப்படித்தான். மலை இறங்கி, பஸ்ஸோ ரயிலோ பிடித்து, சப்பாத்துக்குள் அட்டைப்பூச்சியோடு வந்து வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைகள்

பல பாடசாலைகளில் மன்றத்துக்கு வெள்ளிக்கிழமையின் கடைசிப் பாடவேளைகளை ஒதுக்கியிருப்பார்கள். மேசைக்கு ஒரு வெள்ளைத் துணி, சாடியில் பூ, தலைவருக்குக் கை வைத்த நாற்காலி. செயலாளர் எழுந்து நிகழ்ச்சி நிரலை வாசிப்பார். இறைவணக்கம், தமிழ் வாழ்த்து, தலைமையுரை. அப்புறம் சென்ற கூட்ட அறிக்கை. வாசித்து முடித்ததும் தலைவர் சபையைப் பார்த்துத் திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்க வேண்டும். யாராவது எழுந்து, போன கிழமை பாடியவர் பெயர் விடுபட்டுவிட்டது என்பார். அதைச் சேர்த்துக்கொண்டு, ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிய, அறிக்கை நிறைவேறும். பிறகு பேச்சு, பாட்டு, கவிதை, ஒரு சிறு நாடகம். பொறுப்பாசிரியர் எழுந்து யார் எங்கே தடுமாறினார், எந்த இடத்தில் ழகரம் வழுக்கியது என்று சொல்வார். நன்றியுரை, தேசிய கீதம் தமிழில், மணி.

எல்லாத் தமிழ்ப் பாடசாலையிலும் நடப்பதுதானே என்று தோன்றலாம். சரிதான், சடங்கு ஒன்றுதான். அதில் வந்து நின்ற பிள்ளை எங்கிருந்து வந்தது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. தோட்டத்தில் பேசும் உரிமை ஏணிப்படி போன்றது. தோட்ட நிர்வாகியான துரை பேசுவார், அவருக்குக் கீழே மேற்பார்வை பார்க்கும் கண்டக்டர் பேசுவார், கணக்கப்பிள்ளை பேசுவார், கங்காணி பேசுவார். காலையில் வேலைக்குப் பேர் எடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கிற ஆள் பேர் கூப்பிட்டால் பதில் சொல்வார். துரையிடம் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த பதினான்கு வயதுப் பிள்ளை மேசைக்கு முன்னால் நின்று, “கனம் தலைவர் அவர்களே, மதிப்பிற்குரிய அதிபர் அவர்களே, ஆசிரியர்களே, சக மாணவ மாணவிகளே” என்று தொடங்கும்போது, பாடசாலைத் தலைவரான அதிபர் உட்பட அத்தனை பேரும் அது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் மன்றத்தின் விதி. அந்த ஐந்து நிமிடம் எத்தனை பேரின் முதுகை நிமிர்த்தியது என்பதை அந்தத் தலைமுறைத் தொழிற்சங்கப் பேச்சாளர்கள், ஆசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய விஷயம். எட்டாம், ஒன்பதாம் வகுப்போடு நின்று கொழும்பில் வீட்டு வேலைக்குப் போவது அவர்களுக்கு எப்போதும் திறந்திருந்த வழி. மன்றத்தில் செயலாளர், பொருளாளர் பதவிகள் பெரும்பாலும் பெண் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தன, கையெழுத்து அழகு, கணக்கு ஒழுங்கு என்று காரணம் சொல்லி. தலைவர் பதவி அவ்வளவு எளிதில் வரவில்லை. நாடக ஒத்திகைக்கு நிற்பதும் கஷ்டம். மாலையில் மலை ஏறி வீடு போய்ச் சேர வேண்டும், ஊரடங்கு உள்ள நாளில் அதுவும் முடியாது. இருந்தாலும், ஓர் அமைப்பின் பணத்தை எண்ணி, பற்றுச்சீட்டு எழுதி, கணக்கறிக்கை வாசித்துச் சபையின் ஒப்புதல் வாங்கிய அனுபவம் அவர்களில் பலருடைய அம்மாமாருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூடக் கிடைக்காதது.

இங்கே குடியுரிமையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு நாடுகளும் பங்கு போட்டுக்கொள்ள வழி செய்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பத்து ஆண்டு கழித்துப் பாதி பாதி. காகிதத்தில் பங்கு போட்டதை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்குள் போர் வந்துவிட்டது. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் ஓடிய கப்பல் 1984இல் நின்றது. அதற்கு முன்பு வரை, பாஸ்போர்ட் வந்துவிட்டது என்று ஒரு நாள் காலையில் சொல்லிவிட்டு ஆண்டின் நடுவில் போய்விடும் மாணவர்கள் இருந்தார்கள். மன்றங்கள் அவர்களுக்குப் பிரியாவிடை நடத்தின. கப்பல் நின்றபின் பிரியாவிடையும் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, போகவும் முடியாமல் குடிமக்களாகவும் இல்லாமல் குடும்பங்கள் லயத்திலேயே இருந்தன.

அந்த வீட்டுப் பிள்ளைகள் பாடசாலையில் என்ன செய்தார்கள்? ஆண்டுத் தொடக்கத்தில் மன்றப் பொதுக்கூட்டம் கூட்டி, பெயர் முன்மொழிந்து, கை உயர்த்தியோ துண்டுச் சீட்டில் எழுதியோ தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1986இல் ஒரு சட்டம், 1988இல் இன்னொன்று, கடைசியாக 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் என்று இழுத்து இழுத்துத்தான் அவர்களுடைய பெற்றோரின் குடியுரிமை முடிவுக்கு வந்தது. அதுவரை பல வீடுகளில் வாக்களித்த அனுபவம் உள்ள ஒரே ஆள் பத்தாம் வகுப்புப் பிள்ளைதான். மன்றத் தேர்தலை விளையாட்டு என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியாததற்கு இதுவே காரணம்.

ஆசிரியர்கள் போனதும் வந்ததும்

1983 ஜூலை கடைசி வாரத்தில் பதுளை, நுவரெலியா, மாத்தளை நகரங்களில் தமிழர் கடைத்தெருக்கள் எரிந்தன. 1977இலும் 1981இலும் ஏற்கெனவே அடிபட்டவர்களில் ஒரு பகுதியினர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறியிருந்தார்கள். 1983க்குப் பிறகு மேலும் பலர் போனார்கள். இதனால் மலையக வகுப்பறையில் இருந்த பிள்ளைக்கு வன்னியில் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ இருந்தார்கள். போர் எங்கோ நடக்கிறது என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்க வழியில்லை.

பாடசாலையில் முதலில் தெரிந்த வெற்றிடம் ஆசிரியர் அறையில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாடகை அறையில் தங்கிப் படிப்பித்த ஆசிரியர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் அதிகம் அடிபட்டன. தமிழ் மன்றமும் இந்து மன்றமும் அவர்களுடைய பொறுப்பில்தான் பல இடங்களில் இருந்தன. அவர்கள் இட்ட அடித்தளத்தை மறக்கக் கூடாது. மேடை ஒழுங்கு, திருத்தமான உச்சரிப்பு, செய்யுளை மனனம் செய்யும் பழக்கம் எல்லாம் அவர்கள் தந்தவை. அதேசமயம் அவர்களுடைய மன்றத்தில் மேடை ஏறத் தகுதியான தமிழ் என்பது பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பாடத்திட்டத் தமிழாகவே இருந்தது. தோட்டத்துப் பேச்சு வகுப்பில் திருத்தப்பட வேண்டிய பிழை.

மலையக மண்ணிலிருந்து மேடைக்கு வரலாம் என்று காட்டியவர்கள் முன்பே இருந்தார்கள். ஹைலண்ட்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கம் 1960களில் ஒரு தலைமுறையையே பேச்சுக்கும் எழுத்துக்கும் இழுத்துவந்தார். ஆனால் அது பரவலானது 1980களின் கடைசியிலும் 1990களிலும், தோட்டத்து இளைஞர்கள் ஆசிரியர்களாகப் பெருமளவில் நியமனம் பெற்றபோதுதான். உயர்தரம் முடித்த கையோடு, சிலர் சாதாரண தரத்தோடேயே, நியமனக் கடிதத்தோடு வந்தவர்கள் இவர்கள். மாணவர்களைவிட நான்கைந்து வயது மூத்தவர்கள். பயிற்சி குறைவு என்ற குறை அவர்கள்மேல் உண்டு, அதில் உண்மையும் உண்டு. மன்றத்தைப் பொறுத்தவரை அவர்கள் வந்தது பெரிய திருப்பம். தாங்கள் லயத்தில் கேட்டு வளர்ந்ததை மேடையில் ஏற்றலாம் என்று நம்பியவர்கள் அவர்கள்.

காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்தில் தோட்டத்தில் கம்பம் நட்டு, இரவிரவாகத் தப்பு மேளம் அடித்து, ரதியும் மதனும் ஆடி, கடைசியில் சிவன் காமனை எரித்து முடிகிற கூத்து. அது படித்தவர்கள் ஒதுக்கிவைத்த சங்கதியாக இருந்தது. 1990களில் பாடசாலைக் கலைவிழாவில் அதிலிருந்து ஒரு காட்சி, பொன்னர் சங்கரிலிருந்து ஒரு காட்சி, கொழுந்து பறிக்கும்போது பாடும் தெம்மாங்கு என்று வரத் தொடங்கின. தப்பு பாடசாலை மேடைக்கு வருவதில் சாதிச் சங்கடமும் இருந்தது. அடிக்கத் தெரிந்தவர்கள் யார், அதை யார் கையில் எடுப்பது என்று வரும்போது தோட்டத்தின் பழைய பிரிவுகள் பாடசாலைக்குள்ளும் தலை நீட்டின. மன்றம் அவற்றை ஒழித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெளிப்படையாகப் பேச வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது.

இந்து மன்றத்திலும் இதே இழுபறி. வெள்ளிக்கிழமைக் காலையில் பஞ்சபுராணம் ஓதுவது, நவராத்திரிக்குக் கலைமகள் விழா, நாயன்மார் குருபூசை என்று அதன் வடிவம் நாவலர் வழியில் வந்த சைவம். தோட்டத்தில் பிள்ளை கும்பிட்டது மாரியம்மனை, முனியை, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது கவ்வாத்துச் சாமியை, தொழிற்சாலையில் ரோதமுனியை. இரண்டையும் பிள்ளைகள் சிரமமில்லாமல் வைத்துக்கொண்டார்கள். தேவாரம் ஓதப் பழகிய பிள்ளை தோட்டத்துத் திருவிழாவில் அதை ஓதிக் காட்டியபோது பெற்றவர்களுக்குக் கிடைத்த பெருமையும் உண்மையானது. முஸ்லிம் மாணவர்கள் படித்த இடங்களில் மஜ்லிஸ் இருந்தது. கிறிஸ்தவ மாணவர்களுக்கு அவர்களுடைய இயக்கம்.

எதைப் பேசினார்கள், எதைப் பேசவில்லை

1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. 1983க்குப் பிறகு இடையிடையே சில காலம் தவிர அவசரகாலச் சட்டமும் நாட்டில் நிலையாகிவிட்டது. இளைஞர்கள் கூடிப் பேசுவதே சந்தேகத்துக்கு இடமான காலம். அதிபர்களுக்கு இது தெரியும். அதனால் மன்றம் பாடசாலை நேரத்துக்குள், ஆசிரியர் முன்னிலையில், நிகழ்ச்சி நிரல் எழுத்தில் இருக்க நடந்தது. போரைப் பற்றியோ ஆயுத இயக்கங்களைப் பற்றியோ அரசைப் பற்றியோ தலைப்புக் கொடுக்கும் துணிவு பொறுப்பாசிரியருக்கு வராது, வரக் கூடாது என்றே பெற்றோரும் நினைத்தார்கள். ஒரு பிள்ளையின் ஒரு வாக்கியத்துக்கு ஒரு குடும்பம் முழுவதும் விலை கொடுக்க நேரலாம்.

அப்படியானால் எதைப் பேசினார்கள்? கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா, தியாகத்தில் உயர்ந்தவன் பரதனா இலக்குவனா, கர்ணன் செய்தது சரியா. தமிழ்நாட்டிலும் இதே தலைப்புகள்தான் என்றாலும், 1980களின் மலையகத்தில் பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைத்ததைப் பற்றி ஒரு பிள்ளை பேசும்போது அதன் எடை வேறு. விசாரிக்காமல் கொல்வது, காவலர் சொன்னதை அரசன் அப்படியே நம்புவது, ஒற்றைச் சிலம்போடு வந்து நீதி கேட்கும் பெண், குற்றம் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு உயிர்விடும் அரசன். இவற்றைப் பாடத்திட்டத்தில் உள்ள காப்பியமாகத்தான் பேசினார்கள். நீதி, அரசு, ஆதாரம், விசாரணை என்ற சொற்களைப் பழகினார்கள். யாரும் தடுக்க முடியாத பாதையில் அந்தச் சிந்தனை நடந்தது. இதைத் தப்பித்தல் என்று சிலர் குறைத்துச் சொல்வதுண்டு. நான் அதைப் பயிற்சி என்பேன். நேரடியாகப் பேச முடியாத காலத்தில் பேசும் திறனையாவது உயிரோடு வைத்திருந்தார்கள்.

மலையகத்தின் சொந்தத் துயரங்களுக்கு இடம் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தது. மதுப்பழக்கம், சீதனம், பிள்ளைகளைப் பாதியில் வேலைக்கு அனுப்புவது, சம்பளம், லயத்து வாழ்க்கை எல்லாம் நாடகமாகவும் பேச்சாகவும் வந்தன. சம்பளம் வரை போகலாம், குடியுரிமையைத் தொட்டுப் பேசலாம், அதற்கு அப்பால் போர் என்ற சுவர். அந்தக் கோடு எங்கே என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்திருந்தது.

எனக்குப் பார்க்கக் கிடைத்த, 1980களின் கடைசியைச் சேர்ந்த ஒரு கூட்டக் குறிப்புப் புத்தகம் இதை நன்றாகக் காட்டுகிறது. நீளமான சீ.ஆர். கொப்பி, பழுப்பு அட்டை, ஓரம் பூச்சி அரித்தது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே அமைப்பு: தேதி, கூட்டத்தின் இலக்கம், தலைமை, நிகழ்ச்சிகள், அடியில் செயலாளர் ஒப்பம், பொறுப்பாசிரியர் ஒப்பம். நான்கு கூட்டங்கள் ஒழுங்காக வரும். பிறகு ஒரே வரி: தவிர்க்க முடியாத காரணத்தால் கூட்டம் நடைபெறவில்லை. அடுத்த கிழமையும் அதே வரி, அதே கையெழுத்து. அதற்கடுத்த பக்கத்தில் தேதி பல வாரங்கள் தாண்டிப் போயிருக்கும், கூட்ட இலக்கம் மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஏன் நடக்கவில்லை என்று ஒரு சொல்லும் இல்லை. தெற்கில் மக்கள் விடுதலை முன்னணி என்ற ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சி நடந்த 1987 முதல் 1989 வரையான காலம் அது. கதவடைப்பும் ஊரடங்கும் பஸ் ஓடாமையும் பாடசாலைகளை மூடி மூடித் திறக்கவைத்தன. பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடியே கிடந்தன. மலையகத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டு போர்களின் ஊரடங்கு. அந்தச் செயலாளர் எழுத முடிந்தது அந்த ஒரு வரியைத்தான். ஆனால் எழுதாமல் விடவில்லை.

எழுத்துக்கும் இதே நிலைதான். ஆண்டு மலர் அச்சிட பெரிய பாடசாலைகளால்கூட எல்லா ஆண்டும் முடியாது. ரோணியோ என்றால் செலவு குறைவு. தட்டச்சுப் பொறியில் நாடாவை விலக்கிவிட்டு மெழுகுத் தாளில் எழுத்தைக் குத்த வேண்டும். அழுத்தம் கூடினால் சுழியுள்ள எழுத்துகளின் நடுப்பகுதி பிய்ந்து விழும். பிழைக்குத் திரவம் பூசி, ஊதிக் காயவைத்து, மேலே மறுபடி குத்த வேண்டும். படத்தைக் கூர் ஊசியால் கீறுவார்கள். பிறகு மை ஊற்றி, கைப்பிடியைச் சுற்றச் சுற்றத் தாள் விழும். ஆனால் அனுமதியில்லாமல் துண்டுப்பிரசுரம் விநியோகிப்பது அவசரகால விதிகளின் கீழ் குற்றமாக இருந்த காலத்தில், ரோணியோ இயந்திரம் கொஞ்சம் பயப்பட வேண்டிய பொருளாகவும் ஆனது. மெழுகுத் தாள் அதிபரின் அலுமாரியில், பூட்டுக்குள்.

கையெழுத்துச் சஞ்சிகை அந்த நெருக்கடிக்குச் சரியாகப் பொருந்தியது. ஒரே ஒரு பிரதி. அழகாக எழுதுகிறவர் ஒருவர், படம் வரைகிறவர் ஒருவர், நடுவில் நூல் கோத்துத் தைக்கிறவர் ஒருவர். நூலகத்தில் வைத்தால் வாசிக்க வருகிறவர் அங்கேயே வாசித்துவிட்டுப் போக வேண்டும். வெளியே பரவாது என்பதால் யாருக்கும் தலைவலி இல்லை. பின்னாளில் பத்திரிகைகளின் மாணவர் பக்கங்களுக்கும் வானொலியின் சிறுவர் நிகழ்ச்சிக்கும் எழுதி அனுப்பிய பலர் தங்கள் பெயரை முதலில் கண்டது அப்படியொரு தைத்த கொப்பியில்தான்.

பாடசாலைக்கு வெளியே

கல்வி அமைச்சு நடத்தும் அகில இலங்கைத் தமிழ் மொழித் தினப் போட்டிதான் ஆண்டின் பெரிய இலக்கு. பாடசாலை மட்டத்தில் தொடங்கி, வலயம், மாகாணம், தேசியம் என்று ஏற வேண்டும். பேச்சு, கவிதை, கட்டுரை, இசை, நாடகம், விவாதம் எல்லாம் உண்டு. தோட்டத்துப் பிள்ளை ஒன்று கண்டியையோ கொழும்பையோ முதன்முதலாகப் பார்ப்பது இதன் புண்ணியத்தில்தான் இருக்கும்.

1990களில் அந்தப் பயணம் லேசான காரியமில்லை. அதிபரின் கையொப்பமும் முத்திரையும் வைத்த பெயர்ப் பட்டியல், முடிந்தால் சிங்களத்திலும், பொறுப்பாசிரியரின் பையில் மேலாகவே இருக்க வேண்டும். பதினாறு, பதினேழு வயது ஆண் பிள்ளைகளைப் பார்த்தால் சோதனைச் சாவடியில் கேள்வி வரும். பிரஜாவுரிமைச் சிக்கலால் பெற்றோரிடம் பத்திரம் இல்லாத வீட்டில் பிள்ளைக்கு அடையாள அட்டை எடுப்பதும் இழுபறி. பரீட்சைக்கே தபால் அடையாள அட்டையோடு போனவர்கள் உண்டு. இதனால் விடுமுறை நாளாக இருந்தாலும் வெள்ளைச் சீருடையிலேயே பயணம். 1990களின் தொடக்கத்திலிருந்து அரசு இலவசமாகக் கொடுத்த அந்தச் சீருடைத் துணி, மாணவர் என்பதற்கு உடம்பில் போட்ட அத்தாட்சி. நாடகத்துக்குக் கொண்டுபோன அட்டை வாளையும் மர வில்லையும் சாவடியில் விளக்கிச் சொல்ல வேண்டிய அவஸ்தை பொறுப்பாசிரியருக்கு.

1998 ஜனவரியில் கண்டி தலதா மாளிகையில் குண்டு வெடித்தபின் கண்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதே பெற்றோருக்குப் பயமானது. 2000 ஒக்டோபர் 25, தீபாவளிக்கு முந்தின நாள், பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் இருபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கும்பலால் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிலர் பாடசாலை வயதுக்காரர்கள். தொடர்ந்த நாட்களில் தலவாக்கலைப் பக்கம் எதிர்ப்பும் மோதலும் ஊரடங்கும். மலையகத்துக்கும் போருக்கும் சம்பந்தமில்லை என்ற பேச்சு அந்த வாரத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

சாரணர் இயக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் சாரணியம் தொடங்கியதே மலைநாட்டில், 1912இல் மாத்தளை கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில். அப்படி ஒரு மரபு இருந்தும் தமிழ்ப் பாடசாலைகளில் அது போர்க்காலத்தில் நன்றாகத் தழைக்கவில்லை. காக்கி உடுப்போடு தமிழ் இளைஞர்கள் காட்டில் பாசறை போட்டு, இரவில் சைகை காட்டிப் பழகுவதை அந்தக் காலம் எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விஞ்ஞான மன்றம் பெயரளவில்தான்; ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாமல் மன்றம் என்ன செய்யும். இல்ல விளையாட்டுப் போட்டி மட்டும் எந்த ஆண்டும் களை கட்டியது, வள்ளுவர் இல்லம், இளங்கோ இல்லம், பாரதி இல்லம் என்று.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாகி, ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 வீதி திறந்தபின், மலையகப் பாடசாலைகளின் கல்விச் சுற்றுலா பஸ்கள் நல்லூருக்கும் கீரிமலைக்கும் கிளம்பின. மன்றத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழைப் பேசிப் பழகிய பிள்ளைகள் அந்த ஊரை அப்போதுதான் கண்டார்கள். போகிற வழியில் வன்னியில் இறங்கி, முன்பு போய்க் குடியேறிய உறவுகளைத் தேடிப் பார்த்தவர்களும் உண்டு. 2006 ஆகஸ்டில் வீதி மறுபடி மூடியது. வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் 2009இன் கடைசி மாதங்களில் அங்கேயே அகப்பட்டன. இந்தப் பக்கம் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அவர்களுடைய பெயர்ப் பட்டியல்கள் வானொலியிலும் ஊர்க்கதையிலுமாக வந்தன.

இந்தக் காலத்தை ஆராய வருகிறவர்களுக்கு மன்றங்களின் பதிவுகள்தான் முதல் ஆதாரம், அவை வேகமாக அழிந்துகொண்டிருக்கின்றன. பழைய கட்டடத்தை இடித்துப் புதிது கட்டும்போது களஞ்சிய அறையிலிருந்து முதலில் வெளியே போவது கூட்டக் குறிப்புப் புத்தகமும் கையெழுத்துச் சஞ்சிகையும்தான். மலையக ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்றவை இருக்கின்றன. அவர்களிடம் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கிக்கொண்டால் மூலம் பாடசாலையிலேயே இருக்கும். பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கும் தளபாடத்துக்கும் பணம் சேர்க்கின்றன, நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கும் ஒதுக்கலாம். 1980களிலும் 1990களிலும் மன்றச் செயலாளர்களாக இருந்தவர்களிடம் முதலில் கேளுங்கள். ஆண்டு முடிவில் கையளிக்காமல் வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிட்ட புத்தகங்கள் சில அவர்களிடம் இன்னமும் இருக்கக்கூடும்.